கலெக்டருக்கு மாத்திரை கொடுத்த புரட்டாசி

புரட்டாசி 6, திங்கள்

பொழுது சாய்வதற்குள் கோயமுத்தூர் வந்து சேர்ந்துவிட்டேன். சம்பந்தியம்மா வீடு மூன்றாவது மாடி. லிப்ட் இருக்கிறது, நான் படியேறித்தான் வந்தேன். கதவைத் திறந்ததும் இந்திராணி டீச்சர் சொன்ன முதல் வார்த்தை, "மூச்சு வாங்குதுங்களே சம்பந்தி, லிப்ட்ல பட்டனை அமுக்கத் தெரியலீங்ளா?"

அவருக்கே சமையலறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. நெஞ்சில் ஒரு வால்வு கெட்டுப்போய்விட்டது. அதை மாற்றத்தான் என் மகள் அம்சவேணி நாளைக்கு அவரைப் பெங்களூருக்குக் கூட்டிப்போகிறாள். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு என் மூச்சைப் பற்றிப் பேசுகிறார்.

நான் வந்தது டீச்சருக்காக அல்ல, அவர் வீட்டுப் பூனைக்காக. பழுப்பும் மஞ்சளுமாக ஒரு கிழட்டுக் கடுவன். பெயர் கலெக்டர். டீச்சர் ஆசைப்பட்டது தன் மகனைக் கலெக்டர் ஆக்க. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டார், இப்போது வெளிநாட்டில். அந்தப் பேரை டீச்சர் பூனைக்கு வைத்துவிட்டார். பூனையும் அதற்கேற்றபடிதான் நடந்துகொள்கிறது. நான் பையோடு நின்றபோது வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, மனு தள்ளுபடி என்பதுபோல வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அதற்குத் தொண்டையில் ஏதோ சுரப்பி கோளாறு. காலையும் மாலையும் ஒரு பொடி மாத்திரை கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் தின்பதெல்லாம் எரிந்துபோய், நெஞ்சு படபடத்து, இளைத்தே செத்துப்போகுமாம். இந்த மாத்திரையை யார் கொடுப்பது என்று சொல்லியே டீச்சர் ஆபரேசனை இரண்டு தடவை தள்ளிப்போட்டார். மூன்றாவது தடவையும் தள்ளினால் தன்னால் ஒன்றும் செய்யமுடியாது என்று பெங்களூர் டாக்டர் சொல்லிவிட்டார். அம்சவேணி போனில் அழுதாள். "நீ வந்தா மட்டுந்தான் அத்தை கெளம்புவாங்கம்மா." வந்துவிட்டேன்.

ஒரு நிபந்தனை வைத்தேன். புரட்டாசியில் என் கை மீனைத் தொடாது. தினமும் அதற்கு மத்தி மீன் அவித்துப் போடுவது டீச்சர் வழக்கம், என்னால் ஆகாது. தகர டப்பாவில் இருக்கிற உருண்டைத் தீனியைக் கரண்டியால் போடுவேன், அவ்வளவுதான்.

டீச்சருக்குச் சிரிப்பு. "சரிங்க. அவன் ஒரு மாசம் சாமியாரா இருந்துட்டுப் போகட்டும்."

"மாத்திரை குடுக்கறது எப்படின்னு காட்டறேன், பாருங்க" என்றார். தாடையைப் பிடித்தார், அது வாயைத் திறந்தது, உள்ளே வைத்தார், மூடினார், தொண்டையை ஒரு தடவு தடவினார். முடிந்தது.

"எருமைக்கே மூங்கக் கொழாயில மருந்து ஊத்துனவ நானு. இதென்னங்க பெரிய வேல" என்றேன்.

"எருமை வேறைங்க சம்பந்தி."

ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் அது முடியும்வரை எழுதிவைப்பது என் பழக்கம். கிணறு வெட்டியபோது எழுதினேன், அம்சவேணியின் பிரசவத்தின்போது எழுதினேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்களே தவிர என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். யாரும் குறை சொன்னதில்லை.

புரட்டாசி 7, செவ்வாய்

விடிகாலையில் கிளம்பிவிட்டார்கள். டீச்சர் வாசலில் நின்று பூனையிடம் இங்கிலீசில் என்னவோ சொன்னார். என்னிடம் தமிழில், "தேதி பார்த்து, டப்பா மேல எழுதியிருக்கறத ஒருக்காப் படிச்சுக்குங்க. படிக்க வரலைன்னா அம்சாவுக்குப் போன் போடுங்க" என்றார்.

படிக்க வரலைன்னா.

காலை மாத்திரைக்குத் தாடையைப் பிடித்தேன். பிடித்தேன் என்று எழுதியிருக்கிறேன், ஆனால் பிடிபடவில்லை. பீரோ மேல் ஏறிவிட்டது. நாற்காலி போட்டு ஏறினால் ஜன்னல் திரைக்குப் போய்விட்டது. முழங்கையில் மூன்று கோடு. மாலையில் அதற்கும் மேல்.

அம்சவேணி கேட்டபோது, "பழக்கமாகோணுமில்ல, ஆயிரும்" என்றேன்.

புரட்டாசி 8, புதன்

தயிர்ச்சோற்றில் பிசைந்து வைத்தேன். சோறெல்லாம் நக்கிவிட்டு மாத்திரையை மட்டும் தட்டின் நடுவில் கழுவிவைத்த கல் மாதிரி விட்டுவிட்டது.

மாலையில் பொடித்துப் பாலில் கலக்கினேன். ஒரு நக்கு நக்கியது. அவ்வளவுதான், வாயெல்லாம் நுரை. வெறி பிடித்ததுபோல வீடெல்லாம் ஓடி நுரையைச் சுவரிலும் சோபாவிலும் அப்பியது. செத்தே போய்விடும் என்று நினைத்துவிட்டேன். பால்கோவா மாதிரி நுரையைத் துடைத்துக்கொண்டு, விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்துப் பார்த்தேன். வேப்பங்கொட்டை தோற்றது. அதன்மேல் தப்பு சொல்ல முடியாது.

புரட்டாசி 9, வியாழன்

என் பழைய நூல்சேலையைக் கிழித்து, கைக்குழந்தையைச் சுற்றுவதுபோல் தலை மட்டும் வெளியே தெரியச் சுற்றினேன். மடியில் இடுக்கிக்கொண்டு தாடையை அமுக்கி, மாத்திரையை உள்ளே தள்ளி, வாயை மூடித் தொண்டையைத் தடவினேன். உறுமியது. தடவினேன். முழுங்கிவிட்டது!

மாலையிலும் முழுங்கிவிட்டது.

டீச்சரே போனில் வந்தார். "முழுங்கிருச்சுங்க சம்பந்தி" என்றேன். "பரவாயில்லையே" என்றார். கணக்கு டீச்சர் வாயிலிருந்து 'பரவாயில்லை' வருவதற்கு அந்தக் காலத்தில் பிள்ளைகள் தவம் கிடக்குமாம். மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார்.

புரட்டாசி 10, வெள்ளி

முழுங்கியது. முழுங்கியது.

புரட்டாசி 11, சனி

முதல் வேலையாகத் தலைக்குக் குளித்தேன். சர்க்கரைப் பொங்கல், வடை, புளிச்சோறு. டீச்சர் வீட்டில் சாமி படம் கிடையாது. மளிகைக்கடைக் காலண்டரில் பெருமாள் இருந்தார். அவருக்குத் தளிகை போட்டு, கோவிந்தா சொல்லிக் கும்பிட்டேன்.

இந்த விரதம் எப்படி வந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். அம்சவேணிக்கு இரண்டு தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது காரமடை ரங்கநாதர் சன்னிதியில் நின்று, இந்தப் பிள்ளை தங்கினால் உசிர் உள்ளவரை புரட்டாசியில் கவுச்சியைக் கையால் தொடமாட்டேன் என்று சொன்னேன். தங்கியது. சம்யுக்தா பிறந்தாள். இன்றைக்கு அவள் தஞ்சாவூரில் வக்கீலுக்குப் படிக்கிறாள். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே பேத்தி. அவள் கோர்ட்டில் எழுந்து நின்றால் எதிராளி உட்கார்ந்துவிடுவான், நான் இப்போதே சொல்கிறேன்.

பெயர் வைத்த அன்றைக்கே டீச்சர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கொழந்த பெருமாளால பொறக்கலைங்க சம்பந்தி, டாக்டரம்மாவால பொறந்துச்சு." விரதத்தை நான் விடவில்லை. தொடவுமில்லை, இன்றுவரை.

மாத்திரை முழுங்கியது, இரு வேளையும்.

புரட்டாசி 13, திங்கள்

முழுங்கியது. ஆனால் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. சத்தமாகக் கத்துகிறது. டீச்சரைத் தேடுகிறது போலும். வாசல் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறது. நானும் கொஞ்சநேரம் பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் வலித்தது, அதனால்.

புரட்டாசி 14, செவ்வாய்

தூக்கினால் எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது. தீனி நிறையத்தான் தின்கிறது. மாத்திரையும் தவறாமல் உள்ளே போகிறது. பிறகேன்?

புரட்டாசி 15, புதன்

ஆயுத பூசை. டீச்சர் கும்பிடமாட்டார் என்பதற்காக வீட்டை அழுக்காக விட்டுவைக்க முடியுமா. காலையிலேயே முந்தானையைச் செருகிக்கொண்டு ஒட்டடை அடித்து, மின்விசிறி துடைத்து, கத்தி, அரிவாள்மனை, மிக்சி எல்லாம் கழுவிப் பொட்டு வைத்தேன். அவருடைய கணக்குப் புத்தகங்களுக்கும் வைத்தேன். வந்து பார்த்துச் சத்தம் போடட்டும்.

கடைசியாகப் புத்தக அலமாரியை நகர்த்திப் பின்பக்கம் கூட்டினேன்.

மாத்திரைகள்.

விளக்குமாற்றில் உருண்டு வந்தன. நனைந்து காய்ந்து, சிலது பாதி கரைந்து, தூசியும் மயிரும் ஒட்டிக்கொண்டு. நான் சேலையைச் சுற்றி, தாடையை அமுக்கி, தொண்டையைத் தடவி, "முழுங்கிருச்சு முழுங்கிருச்சு" என்று எழுதிய அத்தனையும் அங்கே கிடந்தன. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நான் விட்டதும் அலமாரிக்குப் பின்னால் போய்த் துப்பியிருக்கிறது.

பூனை கதவருகில் இருந்தபடி என்னைப் பார்த்தது. அதைத் திட்ட வாய் வரவில்லை. விலா எலும்பு தெரிந்தது.

பூசை செய்தேன். பொரி, கடலை வைத்தேன். என்ன மந்திரம் சொன்னேன் என்று நினைவில்லை.

புரட்டாசி 16, வியாழன்

பூனையை வாழைக்காய்க் கூடையில் வைத்து, துண்டால் கூடையின் வாயைக் கட்டி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் கத்தியது. ஆட்டோக்காரர், "என்னங்கம்மா, பேரனா?" என்றார். "கலெக்டருங்க, ஓரமாப் பார்த்து ஓட்டுங்க" என்றேன்.

டாக்டரம்மா சின்ன வயது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டவர் முகம் மாறியது. "ஹார்ட் ரொம்ப வேகமா ஓடுது பாட்டி. இன்னும் ஒரு வாரம் இப்படியே போச்சுன்னா நான் கேரண்டி குடுக்க மாட்டேன். மாத்திரை உள்ள போயே ஆகணும்."

"வேற வழி இல்லீங்ளா கண்ணு? ஊசி கீசி?"

"இதுக்கு ஊசி இல்ல. காதுல தடவுற மருந்து ஒண்ணு இருக்கு. சொல்லி அனுப்பி வர்றதுக்குப் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் மீன் குடுங்க. முள்ளெடுத்து, நடுவுல மாத்திரைய வெச்சு, உங்க விரலாலயே ஊட்டி விடுங்க. பழகுன ருசி, மெல்லாம முழுங்கிடும்."

"புரட்டாசிங்க."

"பூனைக்கா பாட்டி?"

நான் கூடையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்ததும் அம்சவேணிக்குச் சொன்னேன். அவள் எழுந்து வெளியே போகிற சத்தம் கேட்டது. பிறகு குசுகுசுவென்று, "அம்மா, அத்தைகிட்ட மட்டும் வாயத் தொறந்தறாத. சனிக்கெழம அட்மிட் ஆகறாங்க, திங்கக்கெழம ஆபரேசன். தெரிஞ்சா இன்னிக்கே பஸ் ஏறிருவாங்க. உனக்கே தெரியும்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"சொல்லாம இருன்னு சொல்றேன்."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வக்கீல் பேத்தியைத்தான் கேட்கவேண்டும். பொழுதோடு டீச்சர் போன் செய்தார். "முழுங்குனானுங்களா?" "முழுங்கிருச்சுங்க" என்றேன். பொய். சொன்னது நான்தான். எழுதிவைத்துவிட்டேன்.

புரட்டாசி 17, வெள்ளி

இன்று முயன்றவை: நேந்திரம்பழம், நெய், வெல்லப்பாகு, பன்னீர், இட்லி, கடலை மாவு உருண்டை. தகர டப்பா உருண்டையைக் கரண்டியாலேயே நனைத்து நசுக்கி அதற்குள் வைத்தும் பார்த்தேன். பிளந்து பார்த்துத் துப்பியது. விரலை உள்ளே விட்டுத் தள்ளினேன். கடித்துவிட்டது. ஆள்காட்டி விரல் வெள்ளைப்பூண்டு மாதிரி வீங்கியிருக்கிறது. டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். மஞ்சள் பற்றும் போட்டிருக்கிறேன். எழுத்து கோணலாக வருவது அதனால்தான்.

கடித்த பிறகு அதுவே வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது. கை வைத்துப் பார்த்தேன். உள்ளே தையல் மெசின் ஓடுகிற மாதிரி அடித்துக்கொள்கிறது.

அங்கே ஒரு நெஞ்சு, இங்கே ஒரு நெஞ்சு. இது நின்றுபோனால் அதை யார் போய் ஆபரேசனுக்குப் படு என்று சொல்வது? பிழைத்து எழுந்து வந்தாலும், வாசலில் என்னத்தைக் காட்டுவது?

எனக்கு டீச்சர்மேல் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. ஏற்ற வேலை. அவ்வளவுதான்.

புரட்டாசி 18, சனி

இன்று நடந்ததை முறையாக எழுதுகிறேன்.

காலையில் தலைக்குக் குளித்து நாமம் இட்டுக்கொண்டேன். தளிகை போடவில்லை. வெறும் துளசித் தண்ணீர் மட்டும் வைத்து, காலண்டர் பெருமாளுக்கு எதிரில் நின்றேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "முறிக்கிறவள் நான். கேட்பதென்றால் என்னைக் கேள். பிள்ளை பக்கம் திரும்பாதே." அவர் எப்போதும்போல் பார்த்தார்.

பிறகு கூடையை எடுத்துக்கொண்டு தெருமுனை மீன்கடைக்குப் போனேன். புரட்டாசிச் சனிக்கிழமை, ஒரு ஈ காக்கை இல்லை. ஈ இருந்தது. கடைக்கார அபுதாகிர் பேப்பர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், என் நாமத்தைப் பார்த்து எழுந்தே விட்டார்.

"அம்மா, மளிகைக்கடை அடுத்த கடைங்க."

"மத்தி குடு தம்பி. பூனைக்கு."

"புரட்டாசியில எல்லாரும் பூனைக்குன்னுதாங்க கேப்பாங்க."

"எம் மூஞ்சியப் பாரு. நாமம் போட்டுட்டு வந்து பொய் சொல்லுவனா?"

"போட்டுட்டுத்தாங்கம்மா நெறையப் பேரு சொல்றாங்க." எடை போட்டுக்கொண்டே, "பெருமாளே ஒருக்கா மீனாத்தான வந்தாராமா, கோவிச்சுக்க மாட்டாரு" என்றார்.

"அதனாலதானப்பா திங்காம இருக்கறோம். பேசாமக் கழுவிக் குடு" என்றேன். அவர் கழுவிக் கொடுத்தார். மேலே ஒன்று சேர்த்தும் போட்டார்.

தனிச் சட்டியில், ஜன்னலெல்லாம் திறந்துவைத்து அவித்தேன். வாடை கிளம்பியதும் கலெக்டர் கதவை விட்டு எழுந்து வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு அது நடந்து வருவதைப் பார்க்கிறேன்! முதலில் கரண்டியில் வைத்து நீட்டினேன், கடைசியாக ஒரு முயற்சி. இரும்பை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. என்னை விடுவதாக இல்லை.

தொட்டேன்.

முள்ளை எடுத்தேன். சதையைக் கிள்ளி, நடுவில் மாத்திரையை வைத்து உருட்டினேன். வீங்காத விரல்களால் நீட்டினேன். வாங்கியது. மெல்லாமல் அப்படியே உள்ளே இழுத்தது. நான் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தேன். கன்னத்தில் இல்லை. நாக்குக்கு அடியில் இல்லை. அப்புறமும் நம்பாமல் அலமாரிக்கும் அதற்கும் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன். அது அங்கேயே உட்கார்ந்து மீசையை நக்கியது.

உள்ளே போய்விட்டது.

கையை மூன்று சோப்பு போட்டுக் கழுவிவிட்டுச் சம்யுக்தாவுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டாளா, ரோட்டைப் பார்த்துக் கடக்கிறாளா என்று கேட்டேன். பத்து மணிக்கு மறுபடி செய்தேன். சாப்பாட்டு வேளையில் செய்தேன். அடுத்த தடவை அவளே, "என்ன அம்மாயி, இன்னிக்கு இத்தன போன்? ஒடம்பு நல்லாருக்கில்ல?" என்றாள்.

"எனக்கென்ன கேடு. நீ படிக்கட்டுல பாத்து எறங்கு."

"எங்க ஹாஸ்டல் தரைத்தளம் அம்மாயி."

"அப்பவும் பாத்து நட."

பொழுதோடு போனில் முகம் தெரிகிற மாதிரி அழைப்பு வந்தது. டீச்சர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பச்சைத்துணிச் சட்டையில் சின்னப்பிள்ளை மாதிரி இருந்தார். பின்னால் அம்சவேணி எனக்கு மட்டும் தெரியும்படி கண்ணைக் கண்ணைக் காட்டினாள்.

"சம்பந்தி, மாத்திரை நேரமாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"குடுங்க. நான் பாக்கோணும்."

"எதுக்குங்க இப்ப, நீங்க படுத்துத் தூங்..."

"தெனமும் ஒரே மாதிரி 'முழுங்கிருச்சு'ன்னு சொல்றீங்க. அவன் எங்கிட்டயே வாரத்துல ஒருநாள் துப்புவானுங்க. உங்ககிட்ட ஒருநாள்கூடத் துப்பலைன்னா ஒண்ணு நீங்க பெரிய மந்திரவாதி, இல்லைன்னா எனக்குப் பொய் சொல்றீங்க. காட்டுங்க. இல்லாட்டி நான் இந்தச் சட்டையக் கழட்டிட்டுக் கெளம்பறேன்."

அம்சவேணி, "அத்தை..." என்றாள். "நீ சும்மா இரு" என்றார்.

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்தேன். சட்டியை எடுத்து வந்தேன். முள்ளெடுத்தேன், மாத்திரையை வைத்தேன், உருட்டினேன். கலெக்டர் போனிலிருந்து வந்த குரலைக் கேட்டு அங்கும் இங்கும் பார்த்தது. "டேய், இங்க பாரு" என்றேன். வாங்கிக்கொண்டது. முழுங்கியது. வாயைத் திறந்து போனுக்கு நேராகக் காட்டினேன்.

போன் நின்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். டீச்சர் பூனையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி. அது மீனுங்களா?"

"மத்திங்க."

"இன்னிக்குப் புரட்டாசிச் சனிக்கெழமைங்க."

"காலண்டர் எனக்குப் பாக்கத் தெரியுமுங்க. அது ஒண்ணுதான் எனக்கு ஒழுங்காப் படிக்க வரும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார். "இதுக்கு முன்னால எத்தன நாள் துப்புனானுங்க?"

அம்சவேணி தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் சொன்னேன். "ஆயுத பூசை வரைக்கும் ஒண்ணுகூட உள்ள போகலீங்க. கன்னத்துல ஒதுக்கிட்டுப் போயி உங்க அலமாரிக்குப் பின்னால துப்பீருக்குது. எனக்குத் தெரியல. எருமை வேறைன்னு நீங்க சொன்னது நெசந்தானுங்க. நேத்தும் முந்தா நாளும் தெரிஞ்சே பொய் சொன்னேன். டாக்டரம்மாகிட்டக் காட்டியாச்சு. இன்னிக்குத்தான் ரெண்டு வேளையும் உள்ள போயிருக்குது. இனிமேலும் போகும். நீங்க இப்பச் சட்டையக் கழட்டிட்டுப் பஸ் ஏறுனீங்கன்னா, நான் இந்தக் கைய வெச்சுட்டுப் பெருமாளுக்கு என்னன்னு பதில் சொல்லட்டும்? எதுக்குத் தொட்டன்னு கேப்பாரில்ல?"

இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே கிடையாது.

டீச்சர் அம்சவேணி பக்கம் திரும்பி, "அந்த நர்ஸைக் கூப்புடு, ரத்தம் எடுக்கோணும்னாளே" என்றார். போனைப் பார்க்காமல், "கைய நல்லா டெட்டால் போட்டுக் கழுவுங்க. வீங்கியிருக்குது" என்றார். போன் அணைந்துவிட்டது.

இனிமேல் எழுத ஒன்றுமில்லை. கலெக்டர் மடியில் இருக்கிறது. இறக்கிவிட்டேன், ஏறிக்கொண்டது.

புரட்டாசி 20, திங்கள்

காலை முழுங்கியது. வாயைத் திறந்து பார்த்தேன்.

எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்களாம். சமையல் செய்யவில்லை. புத்தகங்களை எல்லாம் எடுத்துத் துடைத்து மறுபடி அடுக்கினேன். போன வாரம் துடைத்ததுதான். பொட்டுகளை அழிக்கவில்லை.

மதியம் கடந்தது. அம்சவேணி எடுக்கவில்லை. கலெக்டர் கதவருகில் போய் உட்கார்ந்தது. நானும்.

நாலு மணிக்கு மேல் போன். "முடிஞ்சுதும்மா. நல்லபடியா முடிஞ்சுது. இன்னும் கண்ணு முழிக்கல."

மாலை முழுங்கியது.

புரட்டாசி 21, செவ்வாய்

கண் விழித்துவிட்டாராம். பேச முடியாமல் தொண்டையில் குழாயாம். விரலால் காற்றில் எழுதிக் காட்டினாராம். அம்சவேணிக்குப் புரியவில்லையாம். பிறகு தன் தொண்டையைத் தானே ஒரு தடவு தடவிக் காட்டினாராம்.

"முழுங்கிருச்சுன்னு சொல்லு" என்றேன்.

புரட்டாசி 23, வியாழன்

முழுங்கியது. எடை கூடியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். காதில் தடவும் மருந்து வர இன்னும் நாளாகுமாம். மீன் போதும் என்றேன். அபுதாகிர் நான் வருவதற்கு முன்பே சதைப்பற்றான மீனாகப் பார்த்து எடுத்துவைத்துவிடுகிறார். "பூனை எப்படிங்கம்மா இருக்குது?" என்று சிரிக்காமல் கேட்கிறார். நம்பிவிட்டார் போல.

சம்யுக்தா நலம். மூன்று தடவை கேட்டாயிற்று.

புரட்டாசி 25, சனி

கடைசிச் சனிக்கிழமை. டீச்சரைச் சாதா வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அம்சவேணி சலித்துக்கொண்டு போன் செய்தாள்.

"அம்மா, நீயாவது சொல்லு. உடம்பு தேறோணும், கோழி சூப்பும் முட்டையும் குடுங்கன்னு டாக்டர் சொல்லியாச்சு. ரெண்டு நாளா வாயையே தொறக்க மாட்டேங்கறாங்க. பருப்புத் தண்ணிதான் வேணுமாம்."

"ஏனாம்? ருசி இல்லியாமா?"

"புரட்டாசி முடியட்டும்கறாங்க."

எனக்குப் புரியவில்லை. புரிந்தது. கோபம் வந்தது. "அறுத்துத் தெச்ச ஒடம்ப வெச்சுட்டு இதென்ன வேல! போனை அவங்ககிட்டக் குடு."

குரல் நூல் மாதிரி வந்தது. ஆனால் அதே டீச்சர். "என்னங்க சம்பந்தி."

"சூப்பைக் குடிங்க. அத வாயத் தொறக்க வெச்சவ நானு, உங்கள விட்டுருவனா?"

"கலெக்டர் வேறைங்க."

"வெளையாடாதீங்க. உங்களுக்குத்தான் பெருமாள்மேல நம்பிக்கையே இல்லீங்களே!"

"இப்பவும் இல்லீங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். நான் காத்திருந்தேன். "நீங்க பாதியில விட்டீங்க. எதுக்காக விட்டீங்கன்னு நான் பாத்தேன். மிச்சத்த நான் புடிச்சுக்கறேன். பேத்தி நமக்கு ஒருத்திதானே, ரெண்டு பேருல யாரு வெரதம் இருந்தா என்னங்க? கணக்கு நேராயிருக்கோணும், அவ்வளவுதான்."

பருப்புத் தண்ணீரில் நெய் இரண்டு கரண்டி ஊற்றச் சொன்னேன். பயத்தம்பருப்பாக இருக்கட்டும், துவரை வேண்டாம், வாயு. இரண்டு வேளைக்கு நாலு வேளையாகக் குடிக்கட்டும். அம்சவேணி எழுதிக்கொண்டாளா என்று திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். வேறென்ன சொல்வது?

கடைக்குப் போய் மத்தி வாங்கி வந்தேன். அவித்து முள்ளெடுத்தேன். கலெக்டருக்கு மாத்திரை கொடுத்தேன். வாயைத் திறந்து பார்த்தேன்.

முழுங்கிவிட்டது.